நாலாவது ஆளின் எடை

"இன்னைக்கு அது வேண்டாம்னு..."

"காத்து எப்படி அடிக்குதுன்னு பார்த்தியா நீ? கரையில நின்னுக்கிட்டு..."

"வேண்டாம்னு சொல்றேன். வண்டியிலேயே கிடக்கட்டும்."

"நடுத்தண்ணியில போய் ஒரு பக்கமா சாஞ்சா நீயா வந்து பிடிப்பே?"

"சாயாது. அதான் இன்னைக்கு நாலு பேர் இருக்கோமே."

நாலு பேர் என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம். அந்த இடைவெளியில் வண்டியின் பின்கதவு மெல்ல இறங்கி வந்து அவர் முதுகில் உட்கார்ந்தது. அதைத் தாங்குகிற கம்பி தளர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஊரில் இருக்கிற தராசை எல்லாம் பழுது பார்ப்பார், தன் வண்டிக் கதவை மட்டும் முதுகால் தாங்குவார். கதவு முதுகில், மூட்டை மார்பில். அப்படியே குனிந்து நின்றுகொண்டு ஏரியைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று ரொட்டிக் கூடையோடு வந்தாள் மகள். "காரை விட்டு இறங்கினதும் ஆரம்பிச்சுட்டீங்களா? பாவம்மா அவர். கல்யாணம் ஆகி முதல் தடவையா படகுக்கு வந்திருக்கார். ஒரு மணி நேரமாவது நல்ல குடும்பம் மாதிரி இருங்களேன்."

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, கையில் தண்ணீர்க் கேனும் தோளில் துண்டுகளுமாக, புது மாப்பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்க்கிற செவிட்டுத்தனத்தோடு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பருமன். சிரித்த முகம். வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் வேலை. ஒரு அலமாரியைப் பார்த்தாலே எந்த வாசலில் எப்படித் திருப்பினால் வெளியே போகும் என்று சொல்லிவிடுவார் என்று மகள் பெருமையடித்துக்கொள்வாள்.

"சரி. இங்க இருக்கட்டும். கடைசியில பார்த்துக்கலாம்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் மூட்டையைப் படகுத்துறைப் பலகையின் மேல் வைத்தார். வைத்தார் என்றால் சும்மா போடவில்லை. முதலில் ஒரு பக்கத்தைத் தரையில் ஊன்றி, பிறகு மறுபக்கத்தைச் சாய்த்து, கடைசியாகக் கையை அடியிலிருந்து உருவினார்.

மூட்டை என்று நாங்கள் சொல்வது பாய்த்துணியில் தைத்த ஒரு பை. தைத்தவள் நான்தான். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தப் படகின் பாயைத் தைத்ததும் என் கைதான். மகன் இறந்து போன வருடம், எல்லாரும் வந்து போய் வீடு காலியாகிவிட்டிருந்த ஒரு சாயங்காலம், இவர் என் இயந்திரத்துக்கு அருகில் வந்து நின்றார். "பாய்த்துணி மிச்சம் இருக்கா?" "இருக்கு." "ஒரு பை தைச்சுக் குடு. கனம் தாங்கணும்." "எதுக்கு?" "படகுக்கு." அவ்வளவுதான் பேச்சு. இரட்டைத் தையல் போட்டு, வாயில் கயிறு கோத்துக் கொடுத்தேன். அதற்குள் மணலை நிரப்பி, பட்டறையில் இருக்கிற பெரிய தராசில் ஏற்றி, ஒரு பிடி போட்டு ஒரு பிடி எடுத்து, முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற வரைக்கும் அவர் குந்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, நான் எதைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று.

மற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் எடை. பிறந்த நாளானால் பிள்ளைகளைப் பட்டறைத் தராசில் ஏற்றி, பென்சிலால் சுவரில் எழுதிவிடுவார். மகனுக்கு அது பெரிய வேடிக்கை. சட்டைப்பையில் எடைக்கல்லை ஒளித்து வைத்துக்கொண்டு ஏறுவான். இவர் தராசைப் பார்க்கவே மாட்டார். அவனை அக்குளில் கைகொடுத்து ஒரு முறை தூக்கி இறக்கிவிட்டு, "கல்லை வெளியே எடுடா" என்பார். கையில் வாங்கினால் எடை சொல்லிவிடுவார், அப்படி ஒரு கை. சந்தைக்குப் போனால் காய்க்காரர்கள் பூசணியை நீட்டிப் பந்தயம் கட்டுவார்கள். மீன்கடையில் இவர் கையில் கொடுத்துவிட்டுத் தராசில் போட்டுச் சரிபார்ப்பார்கள். பந்தயத்தில் ஜெயித்த பூசணியைச் சமைத்துச் சமைத்தே என் வாழ்க்கையில் பாதி போனது. சுவரில் மகனுக்குக் கடைசியாக எழுதின எண், அவன் நோயில் படுப்பதற்கு முந்தைய பிறந்தநாளில் எழுதினது. மூட்டையின் எடை அதுதான்.

படகு நாலு பேருக்கென்று கட்டினது. இவரும் மகனுமாகச் சேர்ந்து பட்டறைக்குப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். சுக்கான் பிடியில் இவர், நடுவில் சாப்பாட்டுக் கூடையோடு நான், முன்னால் சின்னப் பாயின் கயிற்றோடு மகள், காற்று வருகிற பக்கத்து விளிம்பில் மகன். அந்த இடத்தில் ஆள் இல்லாவிட்டால் படகு சாயும், பொய்யில்லை. மூன்று பேராகப் போன முதல் தடவை தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அதற்கப்புறம்தான் மூட்டை வந்தது. ஆகவே மூட்டை வேண்டாம் என்று யாரும் அவரிடம் வாதாட முடியாது. காற்று, சாய்வு, பாரம் என்று எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பார். படகின் அடியில் கசிகிற தண்ணீரில் மணல் ஈரமாகிக் கனம் கூடிவிடும். அதனால் ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் மணலை மாடியில் பரப்பிக் காயவைத்து, மறுபடி நிறுத்து, மறுபடி கட்டுவார். "ஈரம் ஏறினா கணக்கு தப்பிடும்" என்பார். இப்படி நடப்பது மூன்றாவது வருடம்.

நான் மட்டும் என்ன பெரிய மனுஷி? போன கோடையில் ஒரு நாள், வெயில் மூட்டையின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. யோசிக்காமல் என் தோளில் இருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டேன். போட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். அவர் பார்த்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இது வேண்டாம், இது எங்கள் இரண்டு பேரையுமே என்னவோ செய்கிறது என்று.

பாய்மரத்தை எடுத்து வர அவர் படகுக் கொட்டகைக்குப் போனார். மிதவைச் சட்டைகளை வாங்க நானும் மகளும் போனோம். திரும்பி வரும்போது மாப்பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்துக் கையாட்டினார். படகு துடைத்து வைத்தது போல் இருந்தது. கூடை ஒரு மூலையில், கேன் ஒரு மூலையில், துண்டுகள் சுருட்டி வைக்கப்பட்டு. நடு இருக்கையின் மேல் என் பாய்த்துணிப் பை, காலியாக, தையலோடு தையல் பொருந்த, சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. துறைக்குப் பக்கத்தில் கரையோரமாக ஒரு சின்ன மணல் மேடு. அதன் அடியை அலை வந்து தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"இறக்கிட்டேன் அத்தை" என்றார். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, மாமா வேணும்னு சொன்னார். நாமதான் இருக்கோமே, நான் ஒருத்தனே ரெண்டு மூட்டைக்குச் சமம். எங்க வேலையில முதல் பாடமே அதுதான். தேவையில்லாத எடையை முதல்ல இறக்கணும்."

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரி பிடித்தாள். அதற்குள் பாய்மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு அவர் வந்துவிட்டார். மணலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தோளில் இருக்கிற மரத்தை இறக்க வேண்டும் என்பதே மறந்து போய், அதைச் சுமந்தபடியே நின்றார். மரத்தின் முனை காற்றில் லேசாக ஆடியது.

"நல்லா மடிச்சிருக்கீங்க, மாப்பிள்ளை" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது குத்தல். அவர் குத்திப் பேசத் தெரியாத மனிதர். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடி, கைக்கு அகப்பட்டதைச் சொன்னார். பிறகு பாய்மரத்தை அதன் குழியில் நிறுத்தி, கயிறுகளை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை சோதித்து, சுக்கான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மடித்த பையை எடுத்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லலியாடி அவர்கிட்ட?" என்றேன் மகளிடம், மிதவைச் சட்டையின் வாரைப் பூட்டுகிற சாக்கில்.

"அண்ணனைப் பத்திச் சொல்லியிருக்கேன். இதை எப்படிம்மா சொல்றது? எங்கப்பா அண்ணனை மணலா நிரப்பித் தூக்கிட்டு வருவார்னா? வெட்கமா இருந்துச்சு." அவள் கண் கலங்கி, உடனே சிரித்தும் விட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஓடியே போயிருப்பார்."

கரையை விட்டு நகர்ந்ததும் காற்று பாயை நிறைத்தது. நான் பயந்தது போல் ஒன்றுமே நடக்கவில்லை. மாப்பிள்ளை அந்த விளிம்பில் போய் உட்கார்ந்ததும் படகு நிமிர்ந்தது. நிமிர்ந்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது. இவ்வளவு நன்றாக அது போய்ப் பல வருடம் ஆகிறது. மூட்டை உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். ஆள் அப்படியில்லை. காற்று கூடினால் பின்னால் சாய்வான், குறைந்தால் உள்ளே வருவான். உடம்புக்கே தெரியும். மாப்பிள்ளைக்கும் சீக்கிரம் தெரிந்துவிட்டது. மகள் முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் தெறித்து அவள் கன்னத்தில் வழிந்தது. நான் சுக்கான் பக்கம் பார்க்கவில்லை. படகு நன்றாகப் போகிறது என்பதை அவர் கை சொல்லியிருக்கும், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

படகைத் திருப்பும்போது பாயின் அடியில் குறுக்கே கிடக்கிற கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசும். "தலை!" என்று இவர் கத்தினால் எல்லாரும் குனிய வேண்டும். நாங்கள் குனிந்தோம். மாப்பிள்ளை மட்டும், "யாரோட தலை மாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் கட்டை அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

"இப்ப உங்களோடது" என்றாள் மகள்.

அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரிக்க, இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நாலு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மூன்று வருடப் பழக்கத்தில், என் வீட்டுக்காரரின் வலது கால் தானாக நீண்டது. திருப்பும்போதெல்லாம் மூட்டையைக் காலால் தள்ளி மறுபக்கத்துக்கு மாற்றுவது அவர் வழக்கம். நீண்ட பாதம் மாப்பிள்ளையின் கணுக்காலில் போய் முட்டியது. கொஞ்சம் தள்ளவும் செய்தது.

"நான் மாறணுமா மாமா?" என்று எழுந்து மறுபக்கம் போனார் மாப்பிள்ளை.

இவர் காலை மெதுவாக இழுத்து இருக்கைக்கடியில் வைத்துக்கொண்டார். மகள் அதைப் பார்த்தாள். சின்னப் பாயின் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, குனிந்தபடியே நகர்ந்து வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வீட்டைக் காலி செய்து முடித்து, கடைசி அறையில் விளக்கை அணைக்கிற மாதிரி.

"மாமா..." என்றார். "மாமா, எனக்குத் தெரியாது. கரைக்குப் போனதும் ஒரு பிடி விடாம அள்ளிப் போட்டுடறேன்."

"கயிறு தொய்யுது பாருங்க. கொஞ்சம் இழுங்க" என்றார் இவர்.

இழுக்கக் காற்று இல்லை. ஏரியின் நடுவில் வந்தபோது அது நின்றுவிட்டது. பாய் ஒரு தடவை படபடத்து, துவைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கியது. சுற்றிலும் தண்ணீர் தட்டையாகிவிட்டது. கரையில் நாய் குரைப்பது இங்கே பக்கத்தில் கேட்பது போல் கேட்டது. இப்படிக் காற்று நின்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. நான் கூடையைத் திறந்தேன். ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம், குடுவையில் தேநீர். முட்டை உரிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மாப்பிள்ளை உரித்த முட்டையைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் அதை வாங்கி, உப்புத் தொட்டு, அவர் வாயில் வைத்தாள். "சாப்பிடுங்க. இல்லாட்டி படகுல எடை கூடுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை என்றாலும், அவள் அப்படிப் பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அண்ணன் வாய் அவளுக்கு.

அவன்தான் கடைசி வரைக்கும் அப்படி. ரத்தத்தில் வந்த நோய். ஒரு வருடம் முன்னறையில் படுத்துக் கிடந்தான். அந்த ஒரு வருடம் இவர் செய்யாதது என்ன? மருந்துக்கு அலைந்தார். கட்டிலின் காலை உயர்த்தினார். குளியலறைச் சுவரில் பிடிக்கக் கம்பி வைத்தார். அவனுக்குக் காற்று வேண்டுமென்று ஜன்னலைக் கழற்றிப் பெரிதாக்கினார். எல்லாம் செய்தார், அவனைத் தூக்க மட்டும் மாட்டார். வாசலில் நின்று "தூங்குறானா?" என்று கேட்பார். விழித்திருந்தாலும் அப்படித்தான் கேட்பார். ஒரு நாள் அவனே கூப்பிட்டான். "அப்பா, கொஞ்சம் தூக்கி உக்கார வையுங்களேன்." "இரு, அம்மாவைக் கூப்பிடறேன்" என்று அடுக்களைக்கு வந்துவிட்டார். நான் போய் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தபோது அவன் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அவர் கையில வெச்சா எடை தெரிஞ்சிடும்மா. அதான் பயப்படறார். விடு."

வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸ் ஒரு நாள் கேட்டாள், மருந்தின் அளவைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று பார்க்க வேண்டும், வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருக்கா என்று. கீழே பட்டறையில் அலமாரி கொள்ளாமல் தராசு. இவர் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார், "எல்லாம் ரிப்பேர்ல இருக்கு சிஸ்டர்." அவள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். மறுநாள் அவளே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் எவ்வளவு காட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு எதற்கு? தினமும் எத்தனை தடவை தூக்கினேன்! ஒவ்வொரு வாரமும் என் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சுலபமாகிக்கொண்டே வந்தது. என் முதுகு வலி குறைந்தது. ஒரு தாய்க்கு முதுகு வலி குறைகிறதே என்று அழத் தோன்றுமா? எனக்குத் தோன்றியது. கடைசி நாட்களில், கடைக்குக் கொண்டு போகிற திரைத்துணி உருளையைவிட அவன் லேசாக இருந்தான்.

தேநீரை ஊற்றி அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

"எடை சரியா இருந்துச்சு. அதுல ஒரு குறையும் இல்ல. ஒரு பிடி கூடுதல் இல்ல, ஒரு பிடி குறைச்சல் இல்ல."

"எந்த எடை?" என்றேன்.

மகள் ஆரஞ்சுத் தோலை உரிப்பதை நிறுத்தினாள்.

"என்ன எந்த எடை?"

"கேக்கறேன். எந்த எடை சரியா இருந்துச்சு?"

"சுவத்துல எழுதியிருக்கே."

"அது சுவத்துல இருக்கிறவனோட எடை."

அவர் தேநீரைக் குடிக்கவில்லை. குவளையின் விளிம்புக்குள் தேநீர் மட்டமாக நின்றது. அவ்வளவு அசைவில்லாத தண்ணீர் அன்றைக்கு. இந்தக் கேள்வியை மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். எத்தனையோ ராத்திரி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கேட்டுவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். நான் ஒருத்தியே தூக்கினேன், நான் ஒருத்தியே சுமக்கிறேன், நீங்கள் வேறு யாரையோ சுமந்துகொண்டு ஏரிக்கு வருகிறீர்கள் என்று சொல்ல வேண்டும் போல் இருக்கும். சொன்னால் மனிதர் உடைந்து போவாரே என்று விட்டுவிடுவேன். சொல்லாவிட்டால் நான் உடைவேன் என்பதை யாரும் யோசிப்பதில்லை, நான் உட்பட.

"காத்து வருதுப்பா" என்றாள் மகள். தூரத்தில் தண்ணீர் கருத்து, சுருங்கி, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாய் அசைந்தது. அவர் தேநீரை ஏரியில் ஊற்றிவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். "தலை" என்றார், இந்தத் தடவை கத்தாமல். மாப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் குனிந்தார். படகு திரும்பி, பழையபடி மூக்கைத் தூக்கிக்கொண்டு, வெயில் சரிந்துகொண்டிருந்த கரையை நோக்கி ஓடியது. தூரத்திலிருந்து எங்களைப் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள், கொடுத்து வைத்த குடும்பம், நிம்மதியாக ஒரு மதியத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறது என்று. பாதி உண்மைதான். அந்தக் கொஞ்ச நேரம், காற்று முகத்தில் அடிக்க, மகள் ஈரக்கையால் என் வாயில் ஆரஞ்சுச் சுளையைத் திணிக்க, எனக்கே நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்பது தொண்டையில் சுளையோடு சேர்ந்து சிக்கியது.

கரையில் பாதி மணல் போய்விட்டிருந்தது. அலை தின்றது போக, ஒரு பக்கம் கரைந்த மேடாக நின்றது. படகைக் கட்டக்கூடக் காத்திராமல் மாப்பிள்ளை தண்ணீரில் குதித்து, முழங்கால் நனைய ஓடி, அதன் முன்னால் மண்டியிட்டார். இரண்டு கையாலும் அணை கட்டுவது போல் மணலை மேலே இழுத்துச் சேர்த்தார். "பையைக் குடுங்க மாமா. இங்கேயே நிறைய மணல் இருக்கு. அதே அளவுக்குப் போட்டுடலாம். அளவு மட்டும் சொல்லுங்க."

அவர் பையை மகளிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். பின்கதவைத் தூக்கி, முதுகால் தாங்கிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் துழாவினார். வில் தராசோடு திரும்பி வந்தார். கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் இறங்குமே, அது. சந்தைக் கடைகளில் சோதனைக்கு எடுத்துப் போவது. கொக்கி வெயிலில் மின்னியது.

"ஈரமா இருக்கு" என்றார். "ஈரத்துக்குக் கழிச்சுக்கணும்."

"பையை என்கிட்ட குடு" என்றேன் மகளிடம்.

"அம்மா..."

"குடுடி."

மணலில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது பெரிய வேலை. மாப்பிள்ளை ஒரு கை கொடுத்தார். பையை விரித்து, மடியில் வைத்து, கையால் அள்ளிப் போட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை அள்ளிக் கொடுத்தார், நான் போட்டேன். தையலின் உள்பக்கம் ஈரத்தில் கறுத்தது. கொஞ்சம் போடுவேன், பையை அப்படியே மடியிலிருந்து தூக்கிப் பார்ப்பேன், இறக்குவேன், இன்னும் கொஞ்சம் போடுவேன். அவர் தராசைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரில் நின்றார். அவர் நிழல் என் மேல் விழுந்தது.

பை பாதியைத் தாண்டிக் கொஞ்சம் வந்ததும் நிறுத்தினேன்.

"இன்னும் மணல் இருக்கே அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"போதும்."

"பாதிதானே வந்திருக்கு..."

"விடுங்க" என்றாள் மகள் அவரிடம். அவளுக்குத் தெரியும். அண்ணனின் கடைசி மாதத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்தபோது அவளும் ஒரு தடவை என்னோடு சேர்ந்து அவனைத் தூக்கியிருக்கிறாள்.

பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். மிச்சமாக நின்ற துணி என் விரலில் தளர்ந்து தொங்கியது. கையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, ஒரு கையை அடியில் கொடுத்து, ஒரு கையை மேல்பக்கம் அணைத்து, மகளின் தோளைப் பற்றி எழுந்தேன். என் முதுகு வலிக்கவில்லை. அவ்வளவுதான் இருந்தது. என் கைக்குச் சந்தேகமே இல்லை. துணி வழியாகத் தண்ணீர் கசிந்து என் வயிற்றில் குளிர்ந்தது.

அவர் வில் தராசின் கொக்கியை நீட்டினார். கொக்கி ஆடி ஆடி, அதன் முள் ஒன்றுமில்லாத காற்றை நிறுத்துக்கொண்டிருந்தது. நான் அவருக்கு மிக அருகில் போய் நின்றேன்.

"தராசைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டுங்க."